ஏழாம் கூறும் ஒரு மேற்படியும்

"பிப்ரவரி 9, திங்கள். காலை 7.20. கூறு 7, மேற்கு மூலை. தவழ்ந்து உள்ளே போனோம். வெறுந்தரை இல்லை. கன்னியப்பன் சிரித்துக்கொண்டே இருந்தார். கிழக்குப் பக்கம் ஜேசிபி சத்தம். நிறுத்தச் சொன்னேன். யார் உத்தரவு என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை."

என் களக் குறிப்பேட்டில் இருப்பதை, பெயரைத் தவிர ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். ஆண்டை வேண்டுமென்றே விட்டேன். இதில் வருபவர்களில் சிலர் இன்னும் அரசுப் பணியில் இருக்கிறார்கள். அதனால் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

சென்ற மாதம் செங்கல்பட்டிலிருந்து ஒரு வனவர் போன் செய்தார். முன்பின் அறியாதவர். எங்கள் பகுதிக் காப்புக்காடுகளின் செயல்திட்டத்தை மறுபடி திருத்துகிறார்களாம். பழைய வரைபடம் ஒன்றில் சந்தேகம் கேட்டார். செயல்திட்டம் என்பது பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதப்படும் புத்தகம். அலுவலகத்தில் ஒர்க்கிங் பிளான் என்போம். காட்டைக் கூறுகளாகப் பிரித்து எண் போட்டு, எந்தக் கூறில் மரம் நடுவது, எதில் கை வைக்காமல் விடுவது என்று அது சொல்லும். அதில் ஒரு வரி தவறினால் பத்தாண்டுக்குத் தவறியதுதான்.

"இப்ப எல்லாம் டேப்லெட்டுதான் சார்," என்றார் அந்த வனவர். "ஒரு இடத்தை முடிச்சா, அடுத்த இடத்துக்கு 'முந்தையது போலவே'ன்னு ஒரு பட்டன் வருது. அமுக்கினா எல்லாக் கட்டமும் தானா ரொம்பிடும். வேலை ரொம்ப சுளுவு."

"தம்பி, அந்தப் பட்டனை நான் ஒரு தடவை பேனாவாலயே அமுக்கியிருக்கேன். சொல்லட்டுமா?"

"ரேஞ்சர் கூப்பிடறார் சார். எழுதி அனுப்பிடுங்களேன்."

எழுதுகிறேன்.

என் அப்பா திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் குடும்பத்தில் அரசு வேலைக்குப் போன முதல் ஆள் நான். அதற்கு முன் இரண்டு வருடம் செங்கல்பட்டில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எடுக்கும் வேலை. கையெழுத்து உருண்டு திரண்டு வந்தது அங்கேதான். பத்திரங்களில் மட்டும் புழங்கும் சில குறிகளையும் அங்கே பழகிக்கொண்டேன். வனக் காப்பாளர் பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், குழி வெட்டினோம், மரங்களின் பெயரை வரிசையில் நின்று உரக்கச் சொன்னோம். சரக அலுவலகத்துக்கு வந்த பிறகு, கையெழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காகக் கிழிந்த பதிவேடுகளெல்லாம் என் மேசைக்கு வந்தன. "பேப்பர் ஆரோக்கியம்" என்று, ஆரோக்கியசாமி என்ற எனக்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை.

சுமார் பதினான்கு வருடம் கழித்து என்னைச் செயல்திட்டப் பிரிவுக்கு அனுப்பினார்கள். முகாம் அலுவலகம் செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீடு. ஜீப் ஒன்று, தட்டச்சு இயந்திரம் ஒன்று, சங்கிலி, திசைகாட்டி, கூரையில் ஒழுகும் ஓர் இடத்துக்கு நேர் கீழே ஒரு அண்டா. அலுவலர் ரங்கநாயகி மேடம்.

மேடம் மதுராந்தகத்துக்காரர். அப்பா பள்ளி ஆசிரியர், தாத்தா கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். வயதில் என்னைவிடப் பத்துக்கும் குறையாமல் சின்னவர். முதல் நாளே எங்கள் எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசினார். கடைசி நாள்வரை அது மாறவில்லை. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. 'தப்பு' என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதாக என் குறிப்பேடுகளில் எங்கும் இல்லை. "இது எனக்கு உட்காரலை," என்பார். அந்த மூன்று சொல்லைக் கேட்டதும் தட்டச்சர் பலராமன் பெருமூச்சு விட்டுப் புதுத் தாளைச் செருகுவார்.

அவர் கொண்டுவந்த ஒரு முறை எங்களைப் படாத பாடு படுத்தியது. வரைவில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து போடவேண்டும். நம்மில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தது என்றால் 'பா'. பழைய காகிதத்தில் படித்தது என்றால் 'ப'. இரண்டும் இல்லாத வாக்கியம் அடிக்கப்படும், பச்சை மையில். "கூறு 3-இல் மேய்ச்சல் அதிகம்" என்று ஒரு வரி எழுதி 'பா' போட்டிருந்தேன்.

"எந்தத் தேதி பாத்தீங்க?"

சொன்னேன்.

"அன்னைக்கு எத்தனை மாடு?"

"மாடு இல்லை மேடம். சாணி இருந்தது."

"அப்போ சாணின்னு எழுதுங்க. மாட்டை நாம பாக்கலை."

பலராமன் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். "மச்சான், எங்க ஆயா செத்ததுக்கே இவ்ளோ விசாரணை இல்லடா. சாணிக்கு இன்னா விசாரணை!"

ஆனால் அந்த 'பா'வுக்கும் 'ப'வுக்கும் மெல்ல மெல்ல எல்லோரும் பழகிவிட்டோம். மதியம் ஜீப்பின் பின்கதவைத் திறந்து வைத்து மேடம் தயிர்சாதத் தூக்கைப் பிரிப்பார். மாவடு எல்லோருக்கும் உண்டு. டிரைவர், வாட்சர் என்று கணக்கு இல்லை. கன்னியப்பன் மட்டும் முதலில் தள்ளியே நின்றார். மூன்றாம் நாள் மேடம் இலையில் வைத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவரே வந்து, "இன்னிக்கு இன்னா மேடம், மாங்காவா எலுமிச்சங்காவா?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்.

கன்னியப்பன் எங்களோடு வந்த தினக்கூலி வாட்சர். மாமல்லபுரத்துக்கு மேற்கே உள்ளடங்கிய ஒரு கிராமம். என்னைவிட மூத்தவர், என்னைவிட ஒரு முழம் உயரம், தலையில் ஒரு முடி இல்லை. மரத்தின் சுற்றளவை மார்பளவு உயரத்தில் எடுப்பது எங்கள் வழக்கம். முதல் நாள் நான் டேப்பைப் பிடித்தபோது அவர் கேட்டார்: "மாரளவுன்னா யாரு மாரு சார்? உன் மாருல வெச்சா எனக்கு தொப்புளு. என் மாருல வெச்சா நீ ஏணி கேப்பே."

அன்று மாலையே ஒரு கம்பை ஒன்று புள்ளி மூன்று ஏழு மீட்டருக்கு வெட்டிச் சிவப்பு வண்ணம் அடித்தோம். அதற்கு அவர் வைத்த பெயர் 'சர்க்காரு மாரு'.

வேலை இப்படித்தான் நடக்கும். வரைபடத்தில் புள்ளிகள் குறித்திருப்போம். சங்கிலியும் திசைகாட்டியுமாக அந்தப் புள்ளிக்குப் போய், நான்கு மூலையிலும் கல் நட்டுக் கயிறு கட்டி, உள்ளே நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் அளந்து எழுதவேண்டும். எங்கள் கடலோரக் காடு பார்வைக்குக் காடாகவே தெரியாது. ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரம், முள், கொடி. வெளியூர் அதிகாரிகள் ஜீப்பில் இருந்தபடியே "புதர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் புதருக்குள் இருக்கும் உலக்கைப் பாலை மரம் ஒவ்வொன்றும் எத்தனை தலைமுறை பார்த்ததோ.

ஒரே ஒரு விதிவிலக்கு. பழைய திட்டத்தில் 'மரமற்ற வெறுந்தரை' என்று எழுதியிருந்த கூறுகளில் நாங்கள் புள்ளி வைப்பதில்லை. அளக்க மரம் இல்லாத இடத்துக்கு ஆட்களை அனுப்பி என்ன பயன்? கூறு 7 அப்படிப்பட்ட ஒன்று. "மரமற்ற வெறுந்தரை. சரளை மண். நடவுக்கு ஏற்றது." அதை உழுது தைலமரம் நடுவதென்று பழைய திட்டத்திலேயே முடிவாகியிருந்தது. பல வருடம் நிதி இல்லாமல் கிடந்து, திட்டக்காலம் முடியப்போகும் அந்த ஆண்டுதான் நிதி வந்தது. சரக அலுவலகம் கேளம்பாக்கத்திலிருந்து ஒரு ஜேசிபியை வாடகைக்கு எடுத்திருந்தது. கிழக்குப் பக்கம் சாலையோரம் கொஞ்சம் உண்மையிலேயே வெறுந்தரைதான். அங்கிருந்து பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிப்ரவரி 9 அன்று பணிப்பட்டியலில் என் பெயருக்கு எதிரே கூறு 7 என்று இருந்தது. உழப்போகும் எல்லையின் மூலைக் கற்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வரவேண்டும். அரை நாள் வேலை. என்னோடு கன்னியப்பன். மேற்கு மூலைக் கல்லுக்குப் போகும் வழியை முள் அடைத்திருந்தது.

"சுத்திகினு போலாமா?" என்றேன்.

"இன்னாத்துக்கு சார் சுத்திகினு? இப்டிக்கா பூந்தா அஞ்சு நிமிசம். தலைய மட்டும் குனிஞ்சுக்கோ."

சூரைமுள்ளுக்கு அடியில் ஒரு சந்து. பன்றிகள் போன தடம். அவர் முன்னால் தவழ்ந்தார், பின்னால் நான். எத்தனை கஜம் என்று எண்ணவில்லை. எழுந்து நிற்க இடம் வந்தபோது நிமிர்ந்தேன்.

தலைக்கு மேல் நிழல். வீரை மரங்கள் தோளோடு தோள் உரசி நின்றன. நடுவில் என் இரண்டு கையாலும் கட்ட முடியாத ஒரு உலக்கைப் பாலை. காசான் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பூத்திருந்தன. இலை தெரியாமல் கிளையோடு ஒட்டிய நீலம், அடித்தண்டுவரை. காலடியில் சருகு மெத்தென்று இருந்தது. வெளியே பிப்ரவரி வெயில் ஏறிக்கொண்டிருக்க, உள்ளே மண் ஈரமாக மணத்தது.

கையில் இருந்த விவரத்தாளை எடுத்துப் பார்த்தேன். எண்ணைச் சரிபார்த்தேன். கூறு 7.

"இன்னா சார் போட்டுக்கீது அதுல?" கன்னியப்பனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

"வெறுந்தரைன்னு இருக்கு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முண்டாசை அவிழ்த்து வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "இது வெறுந்தரைன்னா, இந்த மண்டைய இன்னான்னு சார் எழுதுவே?"

"இத்தனை நாள் ஏங்க சொல்லலை?"

"யாரு கேட்டா? நீங்கோ பேப்பர பாத்துகினு வர்றீங்கோ, நான் கால பாத்துகினு வரேன். இதுல எங்க பேசறது?"

அப்போதுதான் கிழக்கே அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு மண்ணைப் பிறாண்டும் சத்தம், பிறகு ஒரு முறிவு. சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே வண்டியைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.

ஓடினோம். வண்டி வெறுந்தரையைத் தாண்டி, காட்டின் விளிம்புக்குள் ஓர் ஆள் நீளம் புகுந்திருந்தது. வேரோடு சாய்ந்த ஒரு காரைச்செடி பக்கெட்டின் பற்களில் தொங்கியது. ஓட்டுநர் ஓர் இளவட்டம், காதில் பாட்டு.

"நிறுத்துப்பா."

"இன்னா அண்ணாத்த, ரேஞ்சரு ஆளா நீ?"

"பிளான் ஆபீஸ்."

"எனக்கு ரேஞ்சரு சொன்னாதான். மணிக்கணக்கு வாடகை, தெரியும்ல?"

அவன் கேட்டது நியாயம். வனக் காப்பாளர் நிலையில் இருந்த நான், வனச்சரகர் தொடங்கி வைத்த வேலையை நிறுத்த முடியாது. மேடம்தான் முடியும். மேடத்தைப் பிடிக்க, சாலைக்குப் போய் போன் பூத் தேடவேண்டும். நான் போய்த் திரும்புவதற்குள் இவன் பாதி தூரம் உள்ளே போய்விடுவான்.

கன்னியப்பன் வண்டிக்கு முன்னால் போய் நின்று மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "டேய் நைனா, அந்த மேடு இன்னா தெரியுமா? புத்து. உள்ள கீறது யாருன்னு ஊர்ல போயி கேளு. பக்கெட்ட வெச்சுடாத, அப்பால வூட்டாண்ட போயி பேஜாரு ஆயிடும்."

ஓட்டுநர் என்ஜினை அணைத்தான். இறங்கினான். செருப்பைக் கழற்றினான்.

"நாஸ்தா துன்னியா?" என்று அவன் தோளில் கை போட்டு, கன்னியப்பன் அவனைச் சாலையோர இட்லிக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனதை நான் பூத்துக்கு ஓடியபடியே பார்த்தேன். அங்கே புற்று இருந்தது உண்மை. உள்ளே யார் இருந்தார்கள் என்பதை நாங்கள் பார்க்கவில்லை.

மேடம் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"மேடம், ஏழுல காடு இருக்கு."

"பாத்தீங்களா?"

"உள்ள நின்னுட்டு வரேன் மேடம்."

"சரி. நான் ரேஞ்சர்கிட்ட பேசறேன். வண்டி எடுக்காம பாத்துக்கோங்க." அவ்வளவுதான். ஏன், எப்படி, எவ்வளவு என்று ஒன்றும் கேட்கவில்லை. சாணிக்குத் தேதி கேட்டவர், ஒரு காட்டுக்குக் கேட்காமல் விட்டது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வண்டி நின்றது. பத்து மணிக்குள் சரக அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அதைச் சாலைக்கு ஏற்றிவிட்டான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மதியம் முகாமுக்கு வந்ததும், இந்தப் பிழை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடித்து மேடத்தின் மேசையில் வைக்கவேண்டும் என்று தோன்றியது. பழைய திட்டத்தில் அந்த வரிக்கு மூலம் என்று சரகத்தின் கூறு விவரப் பதிவேட்டைக் குறிப்பிட்டிருந்தார்கள். இரும்பு அலமாரியிலிருந்து அதை எடுத்தேன். துணி அட்டை. திறந்தேன்.

என் கையெழுத்து.

மூன்றாம் வருடக் காப்பாளராக இருந்தபோது, கரையான் அரித்த மூலப் பதிவேட்டைப் பார்த்து நான் எடுத்த நகல் அது. அந்த வேலை எனக்கு மறந்தேபோயிருந்தது. பக்கத்தைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. மூலத்தில் கூறு 5, மரமற்ற வெறுந்தரை. கூறு 6, வீரையும் காசானும் அடர்ந்த புதர்க்காடு. கூறு 7-க்கு எதிரே 'மேற்படி' என்ற ஒரே சொல். அதாவது ஆறைப் போலவே அடர்ந்த காடு. ஆறாம் வரியில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஊகித்து எழுத மனம் வராமல், வனச்சரகரைக் கேட்டு எழுதலாம் என்று அந்த வரியை மட்டும் கடைசிப் பக்கத்தில் இணைப்பாகச் சேர்த்தேன். கவனமாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஐந்துக்கு அடுத்த வரியில் ஏழை எழுதினேன். அதற்கெதிரே 'மேற்படி' என்று முழுச்சொல் எழுதாமல், பத்திர எழுத்தரிடம் பழகிய அந்த அழகான குறியைப் போட்டேன்: ௸.

அந்தக் குறி எங்கள் சரகத்தில் வேறு யாருக்கும் எழுதத் தெரியாது. அதனால்தான் போட்டேன், வேறு காரணமே இல்லை. ஆறு நடுவிலிருந்து போனதும் ஏழின் மேற்படி ஐந்தைக் காட்டியது. ஒரு காடு வெறுந்தரையாயிற்று. நான் புரட்டப் புரட்ட, பதிவேடு முழுக்க அந்தக் குறி வளைந்து நெளிந்து கிடந்தது.

பலராமனிடம் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"அண்ணாத்த, வனவர் லிஸ்ட்டுல உன் பேரு கீதா இல்லியா?"

"இருக்கு."

"எப்போ வருது?"

"ஏப்ரல்."

"அப்போ வாய மூடிகினு கம்முனு கெட. ஏழுல காடு கீது, நேர்ல பாத்தோம், முடிஞ்சுது. யாரு எழுதினான்னு எவன் கேக்கப்போறான்? மூலப் புக்க கரையான் துன்னுடுச்சு. கரையான் மேல எழுது. அதுக்கு பிரமோஷன் கெடயாது."

அவர் சொன்னது நல்ல யோசனை. ஏழாம் கூறு தப்பித்துவிட்டது. நானும் தப்பிக்கலாம். மற்ற மேற்படிகள்தான் என்னை உட்காரவிடவில்லை. எங்கெல்லாம் வரியை நகர்த்தினேன், எங்கெல்லாம் நகர்த்தவில்லை என்று எனக்கே தெரியாது. அந்தப் பதிவேட்டை வைத்து எழுதிய வரைவு மார்ச் கடைசியில் ஒப்புதல் குழுவுக்குப் போகவேண்டும். போனால் பத்தாண்டு. எல்லா மேற்படியையும் நேரில் பார்க்கவேண்டும் என்று நான் கேட்டால், ஏன் என்று மேடம் கேட்பார். கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மூன்று மணிக்கு உள்ளே போனேன். மேடம் வரைபடத்தில் ஏதோ நிறம் தீட்டிக்கொண்டிருந்தார். பதிவேட்டை இரண்டு பக்கத்திலும் காகிதம் செருகி மேசையில் வைத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தின் ஆறாம் வரியைப் பார்த்தார். மறுபடி முதல் பக்கம்.

"ஏழு வெறுந்தரைங்கறது பாத்ததா, படிச்சதா?"

"நான் எழுதினது மேடம்."

பேனாவுக்கு மூடி போட்டார். "உட்காருங்க," என்றார். அந்த அறையில் எனக்கு நாற்காலி காட்டியது அன்றுதான் முதல் முறை. தாழ்வாக நடத்தி அல்ல. அவரே பெரும்பாலும் நின்றுதான் வேலை செய்வார். "இந்தக் குறி இன்னும் எத்தனை இடத்துல இருக்கு?"

"எண்ணலை மேடம். எதுலெல்லாம் வரி மாறியிருக்குன்னும் தெரியலை."

"அப்போ எல்லாத்தையும் பாத்துடுவோம்." கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்தார். "மார்ச்சுக்கு முடியாது. நான் எழுதிக் கேக்கறேன். உங்களுக்கு மெமோ வரும். பதிலை நீட்டாம எழுதுங்க."

மெமோ மறுநாள் காலை பதினொன்றுக்கு வந்தது. தட்டச்சு செய்தவர் பலராமன். என்னிடம் நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதே நாள் மதியம் ஜீப்பின் பின்கதவு வழக்கம்போலத் திறந்தது. நான் தள்ளி நின்றேன். "ஆரோக்கியசாமி, தயிர்சாதத்துக்கும் மெமோவுக்கும் சம்பந்தமில்லை. வாங்க," என்றார் மேடம். கன்னியப்பன் என்னிடம் இலையை நீட்டி, "துன்னு சார். இன்னிக்கு எலுமிச்சங்கா," என்றார்.

அவகாசம் கிடைத்தது, எளிதாக அல்ல. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மேலிருந்து வந்த கடிதங்களை மேடம் யாரிடமும் காட்டவில்லை. வெயில் காலம் முழுக்க மேற்படி மேற்படியாக நடந்தோம். பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. ஓரிடத்தில் என் குறி எதிர்ப்பக்கமாகப் பொய் சொல்லியிருந்தது. அடர்ந்த காடு என்று எழுதிய இடத்தில் நாலு பனைமரமும் ஒரு பழைய சரளைப் பள்ளமும் இருந்தன. கன்னியப்பன் பள்ளத்தின் ஓரத்தில் நின்று என் முகத்தையே பார்த்தார். "காட்ட எங்க சார் வெச்சே? பாக்கெட்டுல பாரு."

ஏழாம் கூறைப் பார்க்க மேடம் அந்த வாரமே, பூ உதிர்வதற்குள் வந்தார். பன்றித் தடத்தில் எங்களைப் போலவே தவழ்ந்து வந்து, சேலை முள்ளில் மாட்டி, எழுந்து நின்றார். கிளையோடு ஒட்டிய அந்த நீலத்தைத் தொட்டார்.

"இது காயாம்பூ இல்லையோ? செடியைத் தெரியும். பூத்து இப்பதான் பாக்கறேன். பெருமாளைக் காயாம்பூ வண்ணா, காயாம்பூ வண்ணான்னு பேச்சு வந்த நாள்லேர்ந்து சொல்லிட்டு வரேன். இத்தனை வருஷமும் படிச்சதுதான்."

கன்னியப்பனுக்கு அது விளங்கவில்லை. "இங்கெல்லாம் காசான்னுவோம் மேடம். கம்பு இரும்பு மாரி இருக்கும்," என்றார். மேடம் அதையும் குறித்துக்கொண்டார்.

அன்று நாங்கள் அங்கே இரண்டு புள்ளி வைத்து அளந்தோம். கூறு 7 புதிய திட்டத்தில் கை வைக்காமல் பாதுகாக்கும் பகுதிக்குள் போயிற்று. அந்தப் பத்தியை மேடமே எழுதினார். முந்தைய பதிவு நகல் எடுத்ததில் நேர்ந்த பிழை என்றும், அதை நகல் எடுத்தவரே கண்டுபிடித்துத் தெரிவித்தார் என்றும் இரண்டு வரி. என் பெயர் இல்லை. அச்சான புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் பட்டியலில் என் பெயர் வரவில்லை. கண்டனம் என்று பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. இரண்டு பட்டியல் தள்ளித்தான் வனவர் ஆனேன். அந்த ஏப்ரலில் ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. எட்டாவது நாள் என் மனைவி பிலோமினா சோற்றுத்தட்டை என் முன்னால் வைத்துக் கேட்டாள்: "எழுதினதும் நீங்கோ, ஒத்துகினதும் நீங்கோ. அப்பால இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீறீங்கோ? மரம் வந்து ஆறுதல் சொல்லணுமா?"

கன்னியப்பன் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. நான் இப்போது மறைமலைநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். கீழே காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும்போது எழுந்து, பழைய குறிப்பேடுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். வனவர் தம்பிக்கு இந்தக் கட்டுரையோடு கூறு 7-இன் எல்லைக்கற்கள் இருக்கும் இடத்தையும் படம் வரைந்து அனுப்புகிறேன். மேற்கு மூலைக்குத் தவழ்ந்துதான் போகவேண்டும். இப்போது பன்றித் தடம் இருக்கிறதா தெரியாது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. சென்ற ஐப்பசியில் கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் பலராமனைப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் நின்றபடி அவர் சொன்னார்: "மச்சான், அந்தத் திங்கக்கெழம நீ ஏழுக்குப் போறவனே இல்ல. உன் பேரு கடலோர டீமுல இருந்துச்சு. சனிக்கெழம மத்தியானம் மேடம் அந்தப் பழைய புக்கையும் உன் ஃபீல்டு டைரியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி ரொம்ப நேரம் பாத்துகினு இருந்தாங்க. அப்பால என்னக் கூப்ட்டு, லிஸ்ட்ட மாத்தி அடின்னாங்க. நான்தான் அடிச்சேன்."

அவர் சொல்வது உண்மையானால், யார் கையெழுத்து என்று மேடத்துக்கு இரண்டு நாள் முன்பே தெரியும். தெரிந்தே என்னை அனுப்பியிருக்கிறார். நான் வந்து சொல்லும்வரை காத்திருந்திருக்கிறார். நான் பலராமனின் யோசனையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பதும் இப்போது என் தூக்கத்தில் வருகிறது.

பலராமன் கதை கட்டுவதில் கெட்டிக்காரர் என்பதையும் நான் எழுதியாகவேண்டும். செங்கல்பட்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அந்த மாதத்துப் பணிப்பட்டியல்கள் ஒரு கோப்புக்கட்டில் இருக்கின்றன. பிப்ரவரி 9-ஆம் தேதி வாரத்துக்கு உரிய தாள் ஒன்றுதான் இருக்கிறது. அதில் என் பெயர் ஏழுக்கு எதிரே இருக்கிறது. அது முதலில் அடித்ததா, மாற்றி அடித்ததா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மேடம் ஓய்வு பெற்று மதுராந்தகத்தில் நலமாக இருக்கிறார். பொங்கலுக்குப் போனில் பேசினோம். முழங்கால் வலி பற்றியும் ஏரி நிரம்பியது பற்றியும் சொன்னார். இதைக் கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். எந்தப் பதிலுக்கு நான் பயப்படுகிறேன் என்று எனக்கே தெளிவாகவில்லை.

ஆகவே, பணிப்பட்டியல் மாற்றப்பட்டது என்பது ஒருவரின் வாய்மொழி மட்டுமே. இன்றைய தேதிவரை உறுதிசெய்யப்படவில்லை.